முடியை வெட்டாமலே கபடி ஆடலாம், கட்டுகிற விதத்தை மாற்றினால் போதும்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இடுப்பு வரை அடர்த்தியான முடி, பள்ளிக் கபடி அணியில் எடுத்திருக்கிறார்கள், ஆட ஆரம்பித்த பத்து நிமிடத்தில் சடை அவிழ்ந்துவிடுகிறது, மாஸ்டர் 'பாப் வெட்டிவிட்டு வா' என்கிறார், பாட்டி 'முடியில கத்திரி வச்சா நான் சோறு திங்க மாட்டேன்' என்கிறார், நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டு முழிக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள், முப்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் இதே பஞ்சாயத்துதான். நான் ஒன்பது வருடம் கபடி ஆடினேன், இப்போது ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், முடி இன்னும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது (பாதி நரைத்துவிட்டது, அது வேறு கதை). வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இப்போது கட்டுகிற மாதிரி கட்டிக்கொண்டும் ஆட முடியாது, அந்த விஷயத்தில் மாஸ்டர் சொல்வது சரி.

சடை அவிழ்கிறது என்றதும் எல்லா அம்மாக்களும் செய்வது, மறுநாள் இன்னும் இறுக்கிப் பின்னுவது. பிள்ளைக்குப் புருவம் மேலே ஏறிவிடும், அப்படியும் பத்தாவது நிமிடம் அவிழும். இறுக்கம் வேறு, பிடிமானம் வேறு. சாதாரணச் சடை பிடரியில்தான் தொடங்குகிறது. நெற்றியிலிருந்து பிடரி வரை இருக்கும் அத்தனை முடியும் சீவி இழுத்து வைத்ததுதானே தவிர, அங்கே அதைப் பிடித்து வைக்க ஒன்றுமே கிடையாது. ஓடி, குனிந்து, யாராவது கழுத்தைச் சுற்றிக் கை போட்டு, கபடி விரிப்பில் ஒரு முறை உருண்டு எழுந்தால் முதலில் தளர்வது அந்த முன்பக்க முடிதான், அது தளர்ந்தால் கீழே நீங்கள் எவ்வளவு இறுக்கிப் பின்னியிருந்தாலும் மொத்தமும் சரிந்து வரும். அடர்த்தியான சடைக்கு எடையும் அதிகம், ஒவ்வொரு குதிப்பிலும் அது கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பின்னல் நெற்றியிலேயே தொடங்கி மண்டையோடு ஒட்டி வர வேண்டும், பிடரிக்குக் கீழே வால் என்று ஒன்று தொங்கவே கூடாது.

வால் ஏன் தொங்கக் கூடாது என்பது கபடி ஆடியவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். விதிப்படி ரைடரின், அதாவது பாடி வருகிறவரின், கை, கால், உடம்பைத்தான் பிடிக்கலாம், முடியைப் பிடித்து இழுப்பது தவறு, நடுவர் சும்மா விடமாட்டார். வேண்டுமென்று யாரும் இழுப்பதும் இல்லை. ஆனால் ஏழு பேர் சங்கிலி போட்டு நிற்கும் இடத்தில் குனிந்து நுழைந்து கோட்டைத் தொடப் பாயும்போது, பிடிக்க வந்த கை எது கிடைக்கிறதோ அதைத்தான் பிடிக்கும், முதலில் கிடைப்பது சடை. பிடிக்கும் பக்கம் நின்றாலும் தொல்லைதான். ரைடர் பாடி வரும்போது நீங்கள் சட்டென்று திரும்பினால் சடை ஒரு முழம் வெளியே வீசும், அதன் நுனி ரைடர் கையில் பட்டு பாயிண்ட் போனதையும், அதன் பிறகு மைதானத்தில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்ததையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது பள்ளிக்கூடத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. 'அதான் மடிச்சுக் கட்டியாச்சே, இனி என்ன' என்று அப்படியே களத்தில் இறக்கிவிடுகிறார்கள். அந்த மடிப்பு காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வளையமாகத் தொங்குகிறது, விரல் நுழைய, ஏன், முழுக் கையே நுழைய அளவெடுத்து வைத்த மாதிரி. நுழைந்த கை உடனே வெளியே வராது, இரண்டு பேரும் எதிரெதிராக இழுபடுவார்கள், கழுத்து திருகும். தொங்கும் ஒற்றைச் சடையைவிட அந்த வளையம் மோசம் என்பேன்.

பெரிய ஆட்களும் முடியால் அவதிப்பட்டதுண்டு, உங்கள் பெண்ணுக்குச் சொல்லுங்கள், அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். 2016 அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்த பெண்கள் டென்னிஸ் ஃபைனல்ஸில் ரஷ்யாவின் ஸ்வெத்லானா குஸ்நெத்சோவா, போலந்தின் ராத்வான்ஸ்காவோடு ஆடிக்கொண்டிருக்கும்போதே இடைவேளையில் கத்திரிக்கோல் கேட்டு வாங்கி, உட்கார்ந்த இடத்திலேயே தன் சடையில் ஒரு பகுதியை வெட்டிப் போட்டார். ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போதெல்லாம் முடி கண்ணில் அடித்ததாம். அந்த ஆட்டத்தை ஜெயிக்கவும் செய்தார். நீளம் தாண்டுதலில் இன்னொரு கொடுமை உண்டு, மணலில் உடம்போ உடம்போடு ஒட்டிய எதுவுமோ கோட்டுக்கு மிக அருகில் எங்கே தடம் பதிக்கிறதோ அங்கிருந்துதான் அளப்பார்கள், தொங்கும் முடிக்கும் இது பொருந்தும். 2011-ல் தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெலாரஸின் மிரோன்சிக்-இவானோவா தாண்டியதாகக் குறிக்கப்பட்டது 6.74 மீட்டர், தங்கம் போனது 6.82-க்கு. அவருடைய குதிரைவால் மணலை உரசியதால்தான் அளவு குறைந்தது என்று அப்போது பெரிய பேச்சு.

சரி, கட்டும் முறைக்கு வருவோம். பொறுமையாகப் படியுங்கள், கை பழகிவிட்டால் பன்னிரண்டு நிமிட வேலைதான்.

முதல் நாள் இரவே சிக்கெடுத்து வைத்துவிடுங்கள். காலையில் பிள்ளையை ஸ்டூலில் உட்கார வைத்து நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் தலையைக் குனிந்திருக்கும்போது பின்னினால் நிமிர்ந்ததும் பிடரியில் தொளதொளவென்று ஆகிவிடும், செல்போன் பார்த்துக்கொண்டே தலை பின்னிக்கொள்ளும் பிள்ளைகளுக்குச் சடை நிற்காததற்குப் பாதிக் காரணம் இதுதான். நெற்றியிலிருந்து பிடரி வரை நேர் வகிடு எடுத்து, ஒரு பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபக்கம் தொடங்குங்கள். நெற்றியோரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி எடுத்து மூன்று காலாக, அதாவது மூன்று பிரியாகப் பிரித்து ஒரு சுற்றுப் பின்னுங்கள். அடுத்த சுற்றிலிருந்து, ஓரத்துக் காலை நடுவுக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு கற்றையை எடுத்து அதோடு சேர்த்துக்கொண்டே வாருங்கள். பிடரிக்கு வரும்போது அந்தப் பக்கத்து முடி முழுவதும் பின்னலுக்குள் வந்திருக்கும். பார்லரில் இதைப் பிரெஞ்ச் பின்னல் என்பார்கள். ஓரத்துக் காலை மேலே போடாமல் அடியில் விட்டுப் பின்னினால் பின்னல் புடைத்துக்கொண்டு நிற்கும், அது டச்சுப் பின்னல், போட்டோக்களில் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் கேட்பது அதைத்தான். பார்க்க எனக்கும் பிடிக்கும், ஆனால் உருண்டு புரளும் ஆட்டத்துக்குப் படிந்து கிடக்கும் முதல் வகையையே சொல்வேன். எதுவானாலும் உங்கள் கை பிள்ளையின் தலையை ஒட்டியே போக வேண்டும். கை நாலு விரல் தள்ளி நின்றால் பின்னலும் அவ்வளவு தள்ளித்தான் தொங்கும்.

பிடரி தாண்டியதும் சாதாரண மூன்று கால் பின்னல். ஒரு சாண் பின்னியதும் பள்ளிக்கூடச் சடைக்கு ரிப்பன் சேர்ப்பீர்களே, அதே மாதிரி மெல்லிய பருத்தி நாடா ஒன்றை நடுவில் மடித்து உள்ளே வைத்து நுனி வரை சேர்த்துப் பின்னுங்கள். வழுவழு சாட்டின் ரிப்பன் வேண்டாம், அது தானே அவிழும். நுனியில் நாடாவால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு மீதி நாடாவை நீளமாக விட்டுவையுங்கள். கல்யாணத்துக்குக் குஞ்சம் வைத்துப் பின்னிய கைக்கு இது ஒன்றும் புதிதில்லை. இரண்டு பக்கமும் முடிந்ததும் வலது சடையைப் பிடரியில் குறுக்காக இடது பக்கம் கொண்டுபோய், அங்கே பின்னல் தலையோடு ஒட்டியிருக்கும் இடத்துக்கு அடியில் நுழைத்து இழுங்கள். இடது சடையை அதே மாதிரி வலது பக்கம். இடுப்பு வரை முடி என்றால் ஒரு குறுக்கில் முடியாது, மீதியைத் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் தட்டையாகப் படிய வைத்து, நாடா நுனிகளைப் பின்னலுக்குள் கோர்த்துக் கட்டுங்கள். விரல் நுழையவில்லையா, பாவாடைக்கு நாடா கோர்ப்பது போல ஊக்கை நாடா நுனியில் மாட்டி இழுங்கள், வேலை முடிந்ததும் ஊக்கைக் கழற்ற மறந்துவிடாதீர்கள். முடிச்சு பிடரிக் குழிக்குள் விழ வேண்டும். மல்லாக்க விழுந்தாலும் அந்த இடம் தரையில் படாது, அதனால் உறுத்தாது.

கொண்டை போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பின்மண்டையில் கொண்டையோடு மல்லாக்க விழுந்து பாருங்கள், அல்லது வேண்டாம், நான் விழுந்ததைச் சொல்கிறேன், கொண்டை கட்டை மாதிரி முட்டுக்கொடுத்து முகவாய் நெஞ்சில் இடித்து இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

பின், ஸ்லைடு, கொண்டை ஊசி எதுவும் களத்தில் கூடாது. கல்லூரிக் காலத்தில் ஒரு போட்டியில் என் தலையில் இருந்த கொண்டை ஊசி என்னைப் பிடித்த பெண்ணின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அவள் திட்டவில்லை, அதனால்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஜூடோவில் இதற்குத் தெளிவாகவே விதி இருக்கிறது, நீள முடியை எதிராளிக்குத் தொந்தரவு இல்லாமல் கட்ட வேண்டும், கட்டும் பேண்ட் ரப்பர் மாதிரியான பொருளாக இருக்கலாம், உலோகமோ கெட்டியான எதுவுமோ அதில் இருக்கக் கூடாது. கபடிக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்ட் என்றதும் மளிகைக்கடைப் பொட்டலத்து ரப்பரைப் போட்டுவிடாதீர்கள், கழற்றும்போது பத்து முடியாவது கூடவே வரும். துணி சுற்றிய, இணைப்பில் தகரத் துண்டு இல்லாத பேண்டாகப் பார்த்து வாங்குங்கள். நெற்றியோரத்துக் குட்டி முடி எந்தப் பின்னலுக்கும் அடங்காது, அதற்கு மூன்று விரல் அகலத்தில் நீளும் துணிப் பட்டை ஒன்று போதும், வியர்வையும் கண்ணில் இறங்காது.

எண்ணெய் விஷயத்தில் பாட்டியோடு நீங்கள் கொஞ்சம் பேசித்தான் ஆக வேண்டும். கபடியில் உடம்பில் எண்ணெய் மாதிரி வழுக்கும் எதையும் பூசிக்கொண்டு இறங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. தலையில் சொட்டச் சொட்டத் தேய்த்தால் ஐந்தாவது நிமிடம் அது வியர்வையோடு கழுத்துக்கும் தோளுக்கும் வந்துவிடும், எதிரணி முறையிட்டால் துடைத்துவிட்டு வரச் சொல்வார்கள். அதற்காக அன்று காலையே தலைக்குக் குளித்துவிட்டுப் போவதும் சரியில்லை, புதிதாக அலசிய முடி வழுக்கும், எந்தப் பின்னலும் நிற்காது. தலைக்குக் குளித்த மறுநாள் முடிதான் பின்னலுக்கு நன்றாக நிற்கும். மேட்ச் ஞாயிறு என்றால் வெள்ளி இரவு எண்ணெய், சனிக்கிழமை அலசல், ஞாயிறு காலை கையை லேசாக நனைத்துக்கொண்டு பின்னல், அல்லது சோற்றுக் கற்றாழைச் சாறு துளி எடுத்துக்கொள்ளலாம். ஈர முடியைப் பின்னாதீர்கள், ஈரத்தில் முடி இழுத்தால் நீளும், கொஞ்சம் கூட இழுத்தால் அறுந்தும் போகும்.

இப்போது இறுக்கம். ஒரே இடத்தில் தொடர்ந்து இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி உதிரும், இது தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய். ஆரம்பத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் திரும்ப முளைக்கும், வருடக்கணக்கில் விட்டால் அந்த வேர்கள் நிரந்தரமாகப் போய்விடும். வேரோரத்தில் சின்னச் சின்னப் பரு, தொட்டால் வலி, வகிடு அகலமாகிக்கொண்டே போவது, இவை தெரிந்தால் உடனே தளர்த்துங்கள். இழுத்துக் கட்டுவதால் தலைவலியும் வரும், தலைவலிகளை வகை பிரித்து வைத்திருக்கும் சர்வதேசப் பட்டியலிலேயே அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள், அவிழ்த்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். பின்னி முடித்ததும் பிள்ளையைப் புருவம் உயர்த்தி, வாயைப் பெரிதாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள், எங்கேயாவது சுருக்கென்றால் அந்த இடத்தைச் சீப்பு நுனியால் லேசாகத் தூக்கிவிடுங்கள். வகிட்டை வாரத்துக்கு ஒரு முறை அரை இன்ச் இடம் மாற்றுங்கள். பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அவிழ்த்துக் காற்றாட விடுவது, வியர்வை ஈரத்தோடு அப்படியே டியூஷனுக்கு அனுப்பினால் அரிப்பும் பொடுகும் வந்து சேரும். போட்டிக்கு வெளியூர் போய்த் தங்கும்போது மட்டும் சீப்பைத் தனியாகக் கொடுத்து அனுப்புங்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை, ஒரு ஹாலில் இருபது பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துப் படுத்துத் தூங்கினால் கோப்பை வருகிறதோ இல்லையோ பேன் வரும்.

கடைசியில் உங்களைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், காலை ஓட்டத்தில் குதிரைவால் இரண்டு பக்கமும் அடித்துச் சிக்காகிறது, ஜிம்மில் எப்படிக் கட்டுவது என்று. தலை மேலும் கீழும்தானே போகிறது, முடி ஏன் பக்கவாட்டில் ஆடுகிறது என்பதை ஜோசப் கெல்லர் என்ற கணித அறிஞர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். தொங்கும் முடியின் மேல் முனையை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மேலும் கீழும் ஆட்டினால் அது நேராகத் தொங்க முடியாமல் பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கிவிடும், மெதுவோட்டத்தின் அடி வேகம் சரியாக அதற்கு வாகாக அமைந்துவிடுகிறது. குதிரைவாலை ஆராய்ந்ததற்காக அவருக்கும் வேறு மூன்று பேருக்கும் 2012-ல் இக் நோபல் பரிசே கொடுத்தார்கள், சிரிக்கவும் வைத்து யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பரிசு அது. ஆக இறுக்கிக் கட்டினாலும் குதிரைவால் ஆடத்தான் செய்யும். பிடரியில் ஒற்றைச் சடை பின்னிப் பாதியாக மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள், நீளம் குறைந்தால் வீச்சும் குறையும். நடை மட்டும் என்றால் சாதாரணச் சடையே போதும், அதற்குப் போய் மெனக்கெட வேண்டாம்.

ஜிம்மில் பெஞ்சில் படுத்துச் செய்வது இருந்தால் பின்கொண்டை ஆகாது, உச்சந்தலைக்கு ஏற்றிப் போடுங்கள். தோளில் கம்பி வைத்து உட்கார்ந்து எழுவதற்கும் உச்சிக் கொண்டைதான், இல்லையென்றால் கம்பிக்கும் முதுகுக்கும் நடுவில் சடை மாட்டி, எழும்போது தலையைப் பின்னால் இழுக்கும். யோகாவில் சிரசாசனம் செய்கிறவர்கள் மட்டும் இதற்கு நேர்மாறாகப் பிடரிச் சடை போட்டுக்கொள்ள வேண்டும். கேபிள், கப்பி ஓடும் மெஷின் பக்கம் போகும்போது சடையைத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொள்வது நிறைய பேருக்குப் பழக்கம், அழகுதான், ஆனால் குனிந்தால் நேராக மெஷினுக்குள் போகும். சுழல்கிற எதோடும் முடி விஷயத்தில் விளையாடாதீர்கள். பொழுதுபோக்குப் பூங்காவில் கோ-கார்ட் ஓட்டும்போது கூந்தல் சக்கரத்தில் சிக்கி உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன, ஹெல்மெட்டுக்கு வெளியே ஒரு கற்றைகூடத் தெரியக் கூடாது. நீச்சலுக்கு மேலே சொன்ன இரட்டைப் பின்னலையே தலையைச் சுற்றித் தட்டையாகப் படிய வைத்து, நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டுத் தொப்பி போடுங்கள், ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும்.

இனி பாப். மாஸ்டரிடம் மரியாதையாக ஒன்று கேட்கலாம், பாப் வெட்டினால் முடி எங்கே போகும்? கண்ணுக்குத்தான். கட்டவும் வராது, காதுக்குப் பின்னால் ஒதுக்கினாலும் நிற்காது, ஒவ்வொரு ரெய்டுக்கும் இருப்பதே 30 வினாடி, அதில் பாதி நேரம் முடியை ஒதுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். வெட்டுவதென்றால் ஆண் பிள்ளை மாதிரி ஒட்ட வெட்ட வேண்டும், இல்லையென்றால் பின்ன வருகிற அளவுக்குத் தோளுக்குக் கீழே விட வேண்டும், நடுவில் நிற்பதுதான் தொல்லை. அதே சமயம் இந்தப் பஞ்சாயத்தில் மாஸ்டர், பாட்டி, நீங்கள் மூன்று பேரும் பேசியிருக்கிறீர்கள், பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. அவளே 'எனக்குச் சுமையா இருக்கும்மா, வெட்டிக்கிறேன்' என்றால் வெட்டிவிடுங்கள், பாட்டி இரண்டு நாளில் சாப்பிட்டுவிடுவார். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் இளையோர் ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்த பிறகு, எங்கள் பள்ளியில் கபடிக்குப் பெயர் கொடுக்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், அதில் ஒட்ட வெட்டியவளும் இருக்கிறாள், முழங்கால் வரை முடி வைத்திருப்பவளும் இருக்கிறாள், இரண்டு பேரும் நன்றாகத்தான் ஆடுகிறார்கள்.

மாஸ்டரிடம் ஒரு வாரம் டைம் வாங்குங்கள். முதல் முறை மேட்ச் அன்று வேண்டாம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பின்னிவிட்டு, வீட்டில் பாய் விரித்து இருபது முறை உருண்டு எழச் சொல்லுங்கள், அப்புறம் கயிறு தாண்டச் சொல்லுங்கள். பெண்கள் ஆட்டம் 15 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 15 நிமிடம், அந்த முப்பத்தைந்து நிமிடம் தாங்கினால் போதும். எங்கே பிசிறு வருகிறதோ அங்கே அடுத்த முறை கற்றையைச் சின்னதாக எடுங்கள். பின்னலை நீங்கள் போட்டாலும் வாலை மடித்து நாடா கட்டுவதை அவளுக்கும் கற்றுக்கொடுத்துவிடுங்கள், இடைவேளையில் நீங்கள் கூட இருக்கமாட்டீர்கள். நாடா வாங்கும்போது கறுப்பாகவே வாங்குங்கள், வெள்ளை நாடா இரண்டு பயிற்சியிலேயே மண் நிறத்துக்கு வந்துவிடும், அப்புறம் துவைக்கிற வேலையும் உங்கள் தலையில்தான்.